முடிவு கைக்கு வர வேண்டும்

மேல்மலையனூர் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கும் என் அத்தைக்கு வயது 48. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவ முகாமில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான 'பாப்' பரிசோதனைக்கு மாதிரி கொடுத்தார். மூன்று வாரத்தில் முடிவு தெரியும் என்றார்கள், தெரியவில்லை. நேரில் போய்க் கேட்பதென்றால் ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவு வேறு. 'ஏதாவது இருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்' என்று இருந்துவிட்டார். ஈராண்டு கழித்து ரத்தப்போக்குடன் அவரைத் திண்டிவனத்துக்கு அழைத்துச் சென்றபோது, நோய் முற்றத் தொடங்கியிருந்தது.

இந்தியாவில் 2022-இல் மட்டும் ஏறத்தாழ 1.27 லட்சம் பெண்களுக்கு இப்புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தனர். பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் இவை. மனித பாப்பிலோமா தீநுண்மி (எச்பிவி) உடலில் நீண்டகாலம் தங்குவதே இந்நோய்க்கு மூலகாரணம். தொற்று புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் கண்டறிந்துவிட்டால் சிறு சிகிச்சையே போதும். கேள்வி, எந்தப் பரிசோதனையால் கண்டறிவது என்பதுதான்.

நம்மிடம் மூன்று வழிகள் உள்ளன. பாப் பரிசோதனையில் கருப்பைவாயின் செல்களை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அதற்குத் தேர்ந்த வல்லுநர் தேவை, முடிவுக்கும் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் பகுதியைக் கண்ணால் பார்ப்பது. செலவு குறைவு, முடிவும் உடனே தெரியும். ஆனால் பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்து முடிவு மாறும், மாதவிடாய் நின்ற பெண்களிடம் நம்பகத்தன்மையும் குறையும். மூன்றாவது, தீநுண்மியின் மரபணுவையே இயந்திரத்தின் துணையுடன் தேடும் எச்பிவி பரிசோதனை.

இவற்றை ஒப்பிட அயல்நாட்டு ஆய்வுகளைத் தேட வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு, செவிலியர்கள் செய்த அமிலச் சோதனையால் இப்புற்றுநோய் மரணங்கள் 35% குறைந்ததாகக் காட்டியது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1.31 லட்சம் பெண்களிடம் மூன்று முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரே ஒருமுறை செய்த எச்பிவி பரிசோதனை, எட்டாண்டுகளில் மரணங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருந்தது. மற்ற இரு முறைகளும் அங்கே குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. உலக சுகாதார அமைப்பும் 2021 முதல் எச்பிவி மரபணுப் பரிசோதனையையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது.

எச்பிவி பரிசோதனைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. உஸ்மானாபாதில் பயன்பட்ட 'ஹைப்ரிட் கேப்சர்', தீநுண்மி தரும் சமிக்ஞையைப் பெருக்கிக் காட்டுவது. 'பிசிஆர்' முறையோ தீநுண்மியின் மரபணுவையே பன்மடங்காகப் பெருக்குவது. மருத்துவர் மாதிரி எடுக்கும்போது இரண்டும் நன்றாகவே செயல்படுகின்றன. பெண் தானே எடுத்துக்கொடுக்கும் மாதிரியில் ஹைப்ரிட் கேப்சரின் திறன் குறைகிறது. பிசிஆரின் திறன் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் சிறியதாகத் தெரியும் இந்த வேறுபாடு, விழுப்புரம் மாவட்டத்துக்கு மிகப் பெரியது. கூச்சத்தாலும் கூலி இழப்பாலும் மருத்துவமனைக்கு வராத பெண்கள், ஒரு பஞ்சுக்குச்சியைக் கொண்டு வீட்டிலேயே மாதிரி எடுத்துக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தரலாம். காசநோயைக் கண்டறிய அரசு வாங்கியுள்ள ட்ரூநாட், ஜீன்எக்ஸ்பர்ட் போன்ற சிறு கருவிகளில் எச்பிவி பரிசோதனையும் சாத்தியம். சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு கிடைக்கும். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ சென்னைக்கோ மாதிரிகளை அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

எச்சரிக்கையும் தேவை. தொற்று இருப்பதாலேயே புற்றுநோய் என்று ஆகிவிடாது. பெரும்பாலான தொற்றுகள் இரண்டாண்டுகளுக்குள் தாமாகவே மறைந்துவிடும். எப்போதோ தொற்றியது பல்லாண்டு கழித்தும் வெளிப்படலாம் என்பதால், அதைக் கொண்டு கணவனோ மனைவியோ ஒருவரையொருவர் சந்தேகிப்பதற்கு இடமில்லை. இதைப் பக்குவமாக எடுத்துச்சொல்லவும், அடுத்த கட்டச் சோதனையையும் சிகிச்சையையும் வட்ட அளவிலேயே தரவும் ஏற்பாடு இல்லாவிட்டால், எத்தனை துல்லியமான கருவியும் அச்சத்தை மட்டுமே விதைக்கும்.

செலவு கூடுதல்தான். ஆனால், ஒரு பெண்ணுக்கு 35 வயதில் ஒருமுறை, 45 வயதில் மறுமுறை என்பதே உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்ச இலக்கு. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21), 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ஒருமுறையேனும் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழகத்தில் 9.8%, இந்திய அளவில் 1.9%. நாம் முன்னணியில் இருக்கிறோம் என்று மகிழ்வதா, பத்தில் ஒன்பது பேர் விடுபட்டுள்ளனர் என்று கவலைப்படுவதா?

14 வயதுச் சிறுமியருக்கு எச்பிவி தடுப்பூசி செலுத்தத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் அறிவித்தது வரவேற்கத்தக்கது. அச்சிறுமியரின் தாய்மாருக்குத் தடுப்பூசியின் காலம் கடந்துவிட்டது. பரிசோதனையின் காலம் கடக்கவில்லை. மாதிரி எடுத்த அன்றே முடிவும், முடிவு தெரிந்த உடனே சிகிச்சையும் கிடைக்கும் ஏற்பாட்டை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தொடங்கலாம். என் அத்தை மாதிரி கொடுக்கத் தயங்கவில்லை. அவருக்கு நாம் தரவேண்டிய பதில்தான் வந்து சேரவில்லை.