தேர்வு நடக்கும் இடத்தில் பாடம் நடக்குமா?

ஜூன் பிறந்துவிட்டால் அமெரிக்கப் பல்கலைக்கழக மைதானங்களில் பள்ளிக்கூடத்துக் குவார்ட்டர்பேக்குகள் வரிசை கட்டத் தொடங்குவார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள். வாரத் தொடக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம், வார நடுவில் இன்னொன்று, சனி ஞாயிறில் ஒரு தனியார் முகாம். கட்டணம், பெட்ரோல், விடுதி வாடகை எல்லாம் பெற்றோர் தலையில். அறிவிப்பில் இருப்பது ‘பயிற்சி முகாம்’ என்றுதான். வருகிறவர்கள் எதிர்பார்ப்பதோ ஏதாவது ஒரு கல்லூரிப் பயிற்றுநரின் வாயிலிருந்து உதவித்தொகையோடு வரும் அழைப்பை.

குவார்ட்டர்பேக் என்ற இடம் நம் வாசகர்களில் பலருக்கு அறிமுகமில்லாததாக இருக்கலாம். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஏறக்குறைய ஒவ்வொரு நகர்விலும் பந்தை முதலில் வாங்கி, எதிரணி தன்னை வீழ்த்த வருவதற்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர் அவர். ஓர் அணியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அந்த இடத்தில் ஆட முடியும். அதனாலேயே இளம் வயதில் அதற்கு நடக்கும் போட்டி கடுமையானது. இளையோரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருக்கும் எந்த விளையாட்டின் பயிற்றுநருக்கும் இந்த முகாம்கள் ஒரு கேள்வியை வைக்கின்றன: தேர்வும் பாடமும் ஒரே மணி நேரத்தில் நடக்க முடியுமா? முடியாது என்பதே எங்கள் கருத்து. இரண்டையும் கலந்தால் தோற்பது எப்போதும் பாடம்தான்.

முகாம்கள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. 1996-இல் முன்னாள் தொழில்முறை குவார்ட்டர்பேக் ஆர்ச்சி மேனிங்கின் குடும்பம் தொடங்கிய மேனிங் பாஸிங் அகாடமி, லூசியானாவின் திபடோ நகரில் உள்ள நிக்கல்ஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேல் கூடுகிறார்கள். கல்லூரிகளில் ஆடும் குவார்ட்டர்பேக்குகளே அங்கே உதவிப் பயிற்றுநர்கள். அதன் சாய்வு கற்பித்தல் பக்கம். 1999-இல் தொடங்கிய எலீட் 11 வேறு வகை. வட்டாரச் சுற்றுகளில் வடிகட்டி, இறுதிச் சுற்றுக்குச் சிலரை அழைத்து, கடைசியில் சிறந்தவர் என்று ஒருவரை அறிவிப்பார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில்தான் பல்கலைக்கழகங்களின் ஒருநாள் முகாம்கள். கல்லூரி அணிச் சேர்க்கை உண்மையில் சூடு பிடிப்பது அங்கேதான். சொந்த வளாகத்தை விட்டு வெளியூர்களில் கல்லூரிப் பயிற்றுநர்கள் முகாம் நடத்துவதை 2016 ஏப்ரலில் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. தடை செய்தது. எழுந்த எதிர்ப்பில் அதே மாதத்துக்குள் தடையைத் திரும்பப் பெற்றது. கற்பித்தலுக்கான சண்டையாக மட்டும் அது இருந்திருந்தால் அவ்வளவு சூடு பறந்திருக்காது.

முகாமில் என்ன அளக்கப்படுகிறது என்று பாருங்கள். பையன்கள் குழுக்களாகப் பிரிந்து ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு நகர்வார்கள். ஒரு நிலையத்தில் ஒரே வகை எறிதல், திரும்பத் திரும்ப. நாலாவது ஐந்தாவது பந்திலிருந்து கை பழகிவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும். 1979-இல் ஷீ, மார்கன் என்ற ஆய்வாளர்கள் சிறு தடுப்புகளைக் கையால் தட்டிவிடும் மூன்று வகைப் பணிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே பணியைத் தொடர்ந்து செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சி நேரத்தில் வேகமாகச் செய்தார்கள். மூன்றையும் கலந்து செய்தவர்கள் அப்போது தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது நன்றாக நினைவில் வைத்திருந்தவர்கள் கலந்து செய்தவர்களே. ஆய்வகத்தில் கிடைத்த அளவுக்கு இந்த வித்தியாசம் மைதானத்தில் எப்போதும் தெரிவதில்லை. அதிலும் புதிதாகக் கற்பவர்களிடம் தெளிவில்லை. ஆனால் இன்றைய அழகும் நாளைய கற்றலும் ஒன்றல்ல என்ற அடிப்படையை அது நிலைநிறுத்திவிட்டது. தேர்வாளர் பார்ப்பது இன்றைய அழகை. பையனுக்கும் அது தெரியும். அதனால் வராத எறிதலை அவன் முயலவே மாட்டான். தவறு செய்யத் தயங்கும் இடத்தில் எதைக் கற்றுக்கொள்வது?

அடுத்த குறை, பாய்ந்து வர ஆளே இல்லாத ஆட்டம். முகாம்களில் பெரிதும் விரும்பப்படும் ஏழுக்கு ஏழு ஆட்டத்தில் இரு பக்கத்திலும் முன்வரிசையில் மோதும் லைன்மேன்கள் கிடையாது, மோதி வீழ்த்துவதும் கிடையாது. எறிய வழக்கமாக நான்கு வினாடி தருவார்கள். தொழில்முறை லீக்கில் பந்து சராசரியாக மூன்று வினாடிக்குள் கையை விட்டுப் போய்விடுகிறது. அதுவும் எதிராளி மேலே பாய்ந்து வரும்போது. லைன்மேன்கள் அரணாக நிற்கும் ‘பாக்கெட்’டுக்குள் காலை மாற்றி வைத்து நழுவுவதும், பந்தைப் பிடிக்க ஓடும் முதல் ரிசீவர் அடைபட்டதும் இரண்டாமவரைத் தேடுவதும், யாரும் கிடைக்காதபோது பந்தை வெளியே எறிந்துவிடுவதும்தான் இந்த வேலையின் சாரம். ஏழுக்கு ஏழில் இவற்றில் இரண்டாவது மட்டும் ஓரளவு உண்டு. மற்றவை மதிப்பெண் தாளிலேயே ஏறுவதில்லை.

அளக்கும் விஷயங்களிலும் கவனம் போதாது. ‘அவுட்’ என்ற எறிதலை எடுத்துக்கொள்வோம். ரிசீவர் நேரே ஓடி, சட்டென்று பக்கக் கோட்டை நோக்கித் திரும்புவார். பந்து அவரை அங்கே சந்திக்க வேண்டும். கையின் வலுவைப் பார்க்க எல்லாரும் கேட்பது இதைத்தான். ஒவ்வொரு நகர்வின் தொடக்கத்திலும் பந்து வைக்கப்படும் இடத்துக்கு எல்லையான ஹாஷ் கோடுகள் எல்லா மட்டத்திலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பள்ளி மைதானத்தில் அவை 160 அடி அகலத்தை மூன்று சம பங்காகப் பிரிக்கின்றன. ஒரு ஹாஷிலிருந்து எதிர்ப்பக்கக் கோட்டுக்குக் குறுக்காக 35 கெஜத்துக்கும் மேல். தொழில்முறை மைதானத்தில் ஹாஷ்கள் நடுவை ஒட்டி இருப்பதால் அதே தூரம் 30 கெஜத்துக்கும் சற்றுக் குறைவு. அதாவது பதினாறு வயதுப் பையன், நாளை தொழில்முறையில் ஆடும்போது தேவைப்படுவதைவிட குறுக்குவாட்டில் ஏறக்குறைய ஆறு கெஜம் கூடுதலாக எறிய வேண்டியிருக்கிறது. பந்தை எங்கே வைத்தோம் என்று குறிக்காமல் ‘கை வலுவில்லை’ என்று எழுதினால் அது மைதானத்தைப் பற்றிய குறிப்பாகத்தான் இருக்கும்.

மறுதரப்பின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. சி.ஜே. ஸ்ட்ரவுட் 2019-இல் எலீட் 11-இன் சிறந்தவராகத் தேர்வானபோது அவருடைய வயதினரில் அதிகம் பேசப்பட்டவர்கள் வேறு சிலர். பின்னர் ஒஹாயோ ஸ்டேட்டில் ஆடி, 2023-இல் தொழில்முறை அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில் இரண்டாவதாக எடுக்கப்பட்டார். முகாம் ஒரு கதவைத் திறந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஜோஷ் ஆலனும் இருக்கிறார். கலிபோர்னியாவின் ஃபயர்பா என்ற சிற்றூர்க்காரர். பள்ளி முடித்தபோது முதல்நிலைக் கல்லூரி எதுவும் உதவித்தொகையோடு அழைக்கவில்லை. ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடி, வயோமிங் போய், 2018 தேர்வில் ஏழாவதாக எடுக்கப்பட்டார். முதல் தொழில்முறை ஆண்டில் அவர் எறிந்தவற்றில் 52.8 சதவீதம்தான் இலக்கை அடைந்தன. 2020-இல் அது 69.2 சதவீதம். அந்த ஆண்டு நல்ல ரிசீவர் ஒருவர் அணிக்கு வந்ததும் காரணம்தான். ஆனாலும் எறியும் முறையைத் திருத்த அவர் பருவங்களுக்கு இடையே, யாரும் மதிப்பெண் போடாத மாதங்களில் உழைத்தார் என்பதே பயிற்றுநர்கள் கவனிக்க வேண்டியது. பதினாறு வயதில் ஒட்டும் முத்திரை இருபத்து நான்கு வயதைச் சொல்லாது.

தோளைப் பற்றியும் ஒரு சொல். பேஸ்பாலில் இளம் பிட்ச்சர்களுக்காக 2014-இல் வந்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல்படி 17, 18 வயதினர் ஒரு நாளில் 105 பந்துக்கு மேல் எறியக் கூடாது. குவார்ட்டர்பேக்குக்கு அப்படிப் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு இல்லை. ஃபுட்பால் 14 முதல் 15 அவுன்ஸ் எடை, பேஸ்பாலைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. எறியும் விதமும் வேறு. எனவே அந்த எண்ணை இங்கே ஒட்ட முடியாது. ஆனால் எண்ணுவதற்கு என்ன தடை? ஒரே வாரத்தில் மூன்று முகாம்களில் எறியும் பையனின் மொத்தக் கணக்கு எந்த முகாமிலும் இல்லை.

எனவே நாங்கள் வைக்கும் யோசனைகள் இவை. இரண்டு நாள் முகாமில் முதல் நாளைத் தேர்வாளர் கண்ணுக்கும் கேமராவுக்கும் மூடிவிடுங்கள். அன்று எறிதல்களைக் கலந்து கொடுங்கள், தவறவிடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாம் நாள் தேர்வாகவே இருக்கட்டும். ஆனால் அதில் யாராவது ஒருவர் மோதலைத் தாங்கும் மெத்தைப் பையைப் பிடித்துக்கொண்டு குவார்ட்டர்பேக் மீது பாயட்டும், நேரம் மூன்று வினாடியாகட்டும். பந்து வைத்த இடத்தை மதிப்பெண்ணோடு சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு பையனின் எறிதல் எண்ணிக்கையையும் குறித்து, அவனுடைய பள்ளிப் பயிற்றுநருக்கு அனுப்புங்கள். அதே தாளில், இனி அவன் வேலை செய்ய வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள். பத்து எழுதினால் ஒன்றும் நடக்காது.

ஒருநாள் முகாம்களுக்கு இது பொருந்தாது என்பார்கள். உண்மைதான். ஒரே நாளில் இரண்டும் முடியாது. அப்படியானால் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்: இது தேர்வு, இங்கே யாரும் எதையும் கற்றுத்தர மாட்டார்கள் என்று. அதைப் படித்த பிறகும் பெற்றோர் பணம் கட்டலாம், அது அவர்கள் விருப்பம். வகுப்பு என்று சொல்லிக் கட்டணம் வாங்கிவிட்டுப் பரீட்சை மட்டும் வைப்பது பயிற்றுநர்களாகிய எங்கள் தொழிலுக்கு அழகல்ல.