போதும் என்று சொல்லும் வீரம்

வென்றவனுக்கு மாலை சூட்டுவது உலக வழக்கம். தோற்றவனுக்கு ஆறுதல் கூறுவதும் உண்டு. ஆனால், வென்றுகொண்டிருக்கும்போதே "எனக்குப் போதும்" என்று களத்தை விட்டு இறங்கியவனுக்கு என்ன தருவது? அவனை வீரன் என்பதா, கோழை என்பதா? இக்கேள்விக்கு விடை தேடுமுன், அமெரிக்க நாட்டு ஆட்டக்காரர் ஒருவரின் கதையை நண்பர்கள் கேட்க வேண்டும்.

அவர் பெயர் சாண்டி கூஃபாக்ஸ். 1935-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிவது அவர் தொழில். நம் கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டி எறிந்தால் நடுவர் விடமாட்டார். பேஸ்பாலிலோ கையை மடக்கிச் சாட்டைபோல் சொடுக்கி எறிவதுதான் ஆட்டமே. அறுபதடிக்கு அப்பால் மட்டையோடு நிற்பவரை நோக்கிப் பந்து தரையில் படாமல் பறக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் நூறு முறைக்கு மேல் எறிந்துவிட்டு, மூன்று நாள் ஓய்வுக்குப் பின் அந்நாளில் மறுபடியும் எறிவார்கள். அத்தனை பாரத்தையும் முழங்கை தாங்க வேண்டும்.

கூஃபாக்ஸும் நம்மைப்போல் மாணவராக இருந்தவர்தாம். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கே கூடைப்பந்து ஆடியவர். 1955-இல் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். அவருடைய இடக்கையின் வேகத்தைக் கண்டு எல்லாரும் வியந்தார்கள். ஆனால் பந்து எங்கே போகும் என்பதுதான் அவருக்கே தெரியாது! முதல் ஆறு ஆண்டுகளில் அவர் கண்ட வெற்றி 36, தோல்வி 40. 1961-ஆம் ஆண்டுப் பயிற்சிக் காலத்தில், அவருடைய பந்தைப் பிடிக்கும் நார்ம் ஷெர்ரி என்னும் தோழர் ஒரு யோசனை சொன்னார்: முழுப் பலத்தையும் கொட்டாமல் சற்றே தணித்து எறியும்படி. கூஃபாக்ஸ் கேட்டார். பலத்தைக் குறைத்த பிறகு குறி கைகூடியது. அவ்வாண்டில் 18 வெற்றி. 1963, 1965, 1966 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சிறந்த பந்தெறிவீரருக்கான சை யங் விருது. 1965 செப்டம்பர் 9 அன்று, எதிரணியில் அடிக்க வந்த 27 முறையும் ஒருவரைக்கூட முதல் தளத்தை மிதிக்க விடாமல் திருப்பியனுப்பினார்.

இத்தனை புகழுக்கும் விலை கொடுத்தது அந்த முழங்கைதான். 1964-இல் அவருக்கு மூட்டுவாதம் இருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். அதன்பிறகு ஆட்டத்துக்கு முன் காந்தும் களிம்பு. ஆட்டம் முடிந்ததும் பனிக்கட்டி நீரில் முழங்கை. இடையிடையே மூட்டில் கார்டிசோன் ஊசி. வலியை மறக்க மாத்திரை. கை நேராக நீள மறுத்து வளைந்தே நின்றதால், கோட்டின் இடக்கையைக் குறைத்துத் தைக்க வேண்டியிருந்ததாம். அந்தக் கையோடுதான் 1966-இல் 27 வெற்றிகள் பெற்றார்.

அவ்வாண்டு நவம்பர் 18 அன்று, பத்திரிகையாளரை அழைத்து ஓய்வை அறிவித்தார். வயது முப்பதுதான். ஆண்டுச் சம்பளம் 1,25,000 டாலர். அதை உதறியதற்கு அவர் சொன்ன காரணம் எளியது. ஆட்டத்துக்குப் பின்னும் வாழ வேண்டிய ஆண்டுகள் பல இருக்கின்றன. அப்போது தம் உடல் தமக்கு முழுமையாகப் பயன்பட வேண்டும் என்றார். ஒரு கையை இழந்தவனிடம் அதைப் பணத்துக்குத் திருப்பித் தருவதாகச் சொன்னால், அவன் கையிருப்பை எல்லாம் கொடுத்துவிடுவான் என்றும் விளக்கினார்.

"தன்னலம்!" என்று சிலர் சொல்லக்கூடும். அந்தக் குற்றச்சாட்டை எளிதாகத் தள்ளிவிடலாகாது. 1966-இல் லீக்கில் முதலிடம் பெற்ற டாட்ஜர்ஸ், அவர் விலகிய 1967-இல் எட்டாம் இடத்துக்கு இறங்கியது. நம்பியிருந்த தோழர்களுக்கு அது பேரிழப்புத்தான். ஆனால் கேட்கிறேன்: அணிக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தவன், கையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டுமா? கைதட்டிய கூட்டம் வீட்டுக்குப் போய்விடும். வளைந்த கையோடு வாழப்போவது அவனல்லவா? அவரைப் பேஸ்பால் உலகமும் கோழை என்று தள்ளவில்லை. 1972-இல், 36 வயதிலேயே, அதன் புகழ்மண்டபத்தில் இடம் கொடுத்தது. அவருக்கு முன் அத்தனை இளவயதில் யாரும் அங்கே நுழைந்ததில்லை.

அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். நம் விடுதியிலேயே கதை இருக்கிறதே! இறுதி ஆட்டத்தன்று நம் வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் தோள் வலிக்கிறது என்றார். நாம் என்ன செய்தோம்? மருந்து தெளித்து, துணி சுற்றி, "தமிழன் மானம் உன் கையில்" என்று முதுகில் தட்டி அனுப்பினோம். அவர் வீசினார், நாம் வென்றோம். முதுகில் தட்டியவர்களில் நானும் ஒருவன். கோப்பை இன்றும் கண்ணாடி அலமாரியில் மின்னுகிறது. சென்ற விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, ரயிலில் தம் பெட்டியை மேல் பலகையில் தூக்கி வைக்கும்படி அந்த நண்பர் என்னிடம் கேட்டார். அவருடைய வலக்கை தோளுக்கு மேல் எழவில்லை. பெட்டியை வைத்துவிட்டு வெகுநேரம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

வலியோடு ஆடுவதைத் தியாகம் என்று பாராட்டுகிறோமே, அந்தப் பாராட்டுக்குள் நம் சுயநலம் ஒளிந்திருக்கிறது. கோப்பை நமக்கு, நோவு அவனுக்கு என்றால் அது என்ன நட்பு? ஆகவே, வரும் போட்டிகளுக்கு முன் ஒரு முடிவு செய்வோம். வலிக்கிறது என்று ஒருவன் சொன்னால், அணித்தலைவர் மறுபேச்சின்றி அவனை உட்கார வைக்க வேண்டும். அவனைக் கேலி செய்பவன் அணியில் இருக்கலாகாது. ஓரிரு கோப்பைகள் கைநழுவிப் போகலாம். போகட்டுமே, நண்பர்களே! அலமாரியில் ஓர் இடம் காலியாக இருந்தால் யாருக்கும் நோகாது.