கல்லூரி மெயில் மூடப்போகிறதா? பேக்கப் மட்டும் போதாது!

கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாத இடம் தந்துவந்த கூகுள், அதை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தது. இப்போது ஒரு நிறுவனம் மொத்தத்துக்கும் அடிப்படை அளவு 100 டிபி-தான். இடத்தை மிச்சப்படுத்த, படித்து முடித்தவர்களின் கணக்கில்தான் முதலில் கைவைப்பார்கள்.

கணக்கு உயிரோடு இருக்கும்போதே ‘கூகுள் டேக்அவுட்’ மூலம் மெயில், காலண்டர், கான்டாக்ட்ஸ் மூன்றையும் இறக்கி, வீட்டு ஹார்டு டிஸ்கில் போட்டுவிடுங்கள். சில நிறுவனங்கள் இந்த வசதியையே முடக்கி வைத்திருக்கும். அப்படியென்றால் ஐடி பிரிவிடம் கேட்பதுதான் வழி. காலண்டரும் கான்டாக்ட்ஸும் புதிய கணக்கில் சுலபமாக ஏறிவிடும். மெயில்தான் கொஞ்சம் படுத்தும். ‘எம்பாக்ஸ்’ ஃபைலாக வரும் அதை ஜிமெயில் நேரடியாக ஏற்காது. கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு போன்ற மென்பொருள் தேவை.

பழைய மெயில் பத்திரம், சரி. நாளை வரப்போவது? வங்கி, லிங்க்ட்இன், பிஎஃப் என எங்கெல்லாம் அந்த ஐடியைக் கொடுத்தீர்களோ, அங்கெல்லாம் இன்றே மாற்றுங்கள். கணக்கு மூடியபின் பாஸ்வேர்டு மறந்தால், ஓடிபி அந்த மூடிய பெட்டிக்குத்தான் போகும்.