1,836 கார்களும் ஒரு சுவிட்சும்

சாட்டர்ன் கார் வைத்திருந்த அமெரிக்கர்களின் நினைவுகளைக் கேட்டால், எல்லாரும் ஒரே வண்டியைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்ற ஐயம் வரும். ஒரு சாரார் அதை வீட்டு மனிதரைப் போல நினைவுகூர்கிறார்கள். அப்பா ஓட்டினார், பிறகு எனக்கு வந்தது, நான் வேலைக்குப் போனதும் தங்கை கல்லூரிக்கு எடுத்துப்போனாள் என்பார்கள். இன்னொரு சாரார், உள்ளே தொட்டதெல்லாம் மலிவு பிளாஸ்டிக், காசு வீண் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இரு சாராரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். 1990 முதல் 2010 வரை விற்ற அந்தப் பெயருக்குள் இரண்டு வேறு நிறுவனங்கள் இருந்தன. முதலாவது கலைந்துபோன பிறகும் பெயர்ப்பலகை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. சாட்டர்னை 2008-இன் பொருளாதாரச் சரிவு கொன்றது என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தக் கணக்கு தவறு என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாட்டர்ன் என்றால் சனி. நம்மவர்கள் ஒரு வாகனத்துக்கு வைக்கத் தயங்கும் பெயர். ஆனால் இந்தக் காரைக் கொண்டுவந்த ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) மனத்தில் வைத்திருந்தது நிலவுக்கு மனிதரைச் சுமந்துசென்ற சாட்டர்ன் ராக்கெட்டை. விண்வெளிப் போட்டியில் பின்தங்கிக் கிடந்த அமெரிக்கா சோவியத்தை முந்தியது அந்த ராக்கெட்டால். 1982-இல் இந்தத் திட்டம் முளைத்தபோது ஜி.எம். முந்த நினைத்தது ஜப்பானை. 1973-லும் 1979-லும் எண்ணெய் விலை ஏறியதும், அமெரிக்கக் குடும்பங்கள் சின்ன வண்டிக்கு மாறின. சின்ன வண்டி என்றால் ஹோண்டா, டொயோட்டா என்று ஆகிவிட்டது. ஹோண்டா 1982-இல் ஒஹையோவிலும் நிசான் 1983-இல் டென்னசியிலும் அமெரிக்கத் தொழிலாளர்களை வைத்தே நல்ல வண்டிகளைச் செய்யத் தொடங்கின. நம் ஊர் ஆட்களுக்கு இது கைவராது என்று சாக்குச் சொல்ல அதன்பின் இடமில்லை.

ஜி.எம். தலைவர் ரோஜர் ஸ்மித் செய்த முடிவு பெரியது. செவ்ரோலே, போன்டியாக் போல இன்னொரு பிரிவாக இல்லாமல், 1985 ஜனவரியில் சாட்டர்னைத் தனி நிறுவனமாகவே பதிவு செய்தார். ஆலைக்கு இடம், நாஷ்வில் நகருக்குத் தெற்கே ஸ்பிரிங் ஹில் என்ற சிற்றூர். 1990 ஜூலை 30 அன்று முதல் வண்டி வெளியே வந்தபோது ஸ்மித்தும் ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஓவன் பீபரும் அதில் சேர்ந்து வந்தார்கள். மறுநாள் ஸ்மித் ஓய்வு பெற்றார். சாட்டர்னைப் பெற்றவர், அது கடைக்கு வருவதற்கு முன்பே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தேதி மிக முக்கியம்.

ஸ்பிரிங் ஹில்லில் நடந்த வேலைமுறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாட்டர்னின் உயிர் அதில் இருந்தது. நாட்டின் பல மாநிலங்களில் இருந்து, மூடப்பட்ட அல்லது ஆட்குறைப்பு செய்த ஜி.எம். ஆலைகளில் வேலை இழந்தவர்களும் இழக்கவிருந்தவர்களும் குடும்பத்தோடு அங்கே வந்தார்கள். ஆறு முதல் பதினைந்து பேர் வரை ஒரு குழு. வேலையைப் பங்கிடுவது, புதிய ஆளைச் சேர்ப்பது, செலவைப் பார்ப்பது எல்லாம் குழுவின் பொறுப்பு. ஊதியத்தில் ஒரு பகுதி, தரமும் பயிற்சியும் இலக்குகளும் எப்படி இருந்தன என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். முடிவெடுக்கும்போது ஒவ்வொருவரும் அதற்கு எழுபது விழுக்காடாவது மனம் ஒப்ப வேண்டும். ஒப்பிய பின் முழுமையாகத் துணைநிற்க வேண்டும். நிறுவனத் தலைவர் ஸ்கிப் லஃபோவும் உள்ளூர்ச் சங்கத் தலைவர் மைக் பென்னட்டும் பெரிய முடிவுகளைச் சேர்ந்தே எடுத்தார்கள். விளம்பர நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததில்கூடச் சங்கத்துக்குக் குரல் இருந்தது. 1991-இல் ஜி.எம்.மின் புதிய தலைவர் ராபர்ட் ஸ்டெம்பல் ஆலைக்கு வந்தபோது தொழிலாளர்கள் கையில் பட்டை கட்டிக்கொண்டு எதிர்ப்புக் காட்டினார்கள். கூலி உயர்வு கேட்டு அல்ல. எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லித் தரத்தைக் கெடுக்காதீர்கள் என்று கேட்டு.

அந்த அக்கறை ஷோரூமில் எப்படித் தெரிந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் கார் வாங்குவது அன்று பலருக்குப் பல் பிடுங்குவதைப் போல. ஒட்டியிருக்கும் விலை ஒன்று, பேசும் விலை ஒன்று, கையெழுத்துப் போடும்போது ஏறும் விலை இன்னொன்று. பேரம் பேசத் தெரியாதவரும், பெண் என்பதால் ஏமாற்றலாம் என்று எடைபோடப்பட்டவரும் கூடுதலாகக் கொடுத்தார்கள். சாட்டர்னில் ஒரே விலை. முதல் ஆண்டின் அடிப்படை மாடல் 7,995 டாலர் என்றால் யாருக்கும் அதுதான். பிடிக்கவில்லையா, 30 நாளுக்குள் அல்லது 1,500 மைலுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். வண்டியை எடுக்கும் அன்று ஊழியர்கள் எல்லாரும் சுற்றி நின்று கைதட்டி, படம் எடுத்து, சாவியைத் தருவார்கள்.

இது வெறும் நல்ல மனத்தால் நடந்ததாக நினைக்க வேண்டாம். பக்கத்துத் தெருவில் அதே வண்டியை இன்னொரு டீலர் விற்றால், இருநூறு டாலர் குறைத்தாவது தள்ளிவிடத்தான் பார்ப்பார். ஒரே விலை ஒரு மாதம் தாங்காது. அதனால் சாட்டர்ன் ஒரு பகுதி முழுவதையும் ஒரே டீலரிடம் கொடுத்தது. அந்த வட்டாரத்தில் எத்தனை சாட்டர்ன் கடைகள் இருந்தாலும் உரிமையாளர் ஒருவர். பேரமில்லா விலை அந்த ஏற்பாட்டின் மேல் நின்றது. பின்னாளில் வேறு நிறுவனங்கள் விலையை மட்டும் நகலெடுத்துத் தோற்றதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

சரி, வண்டி எப்படி? எஸ் வரிசை என்று அழைக்கப்பட்ட அந்த முதல் கார்களை வைத்திருந்தவர்கள் ஒருவர் தவறாமல் முதலில் சொல்வது கதவைப் பற்றி. எடையைத் தாங்குவது உள்ளிருக்கும் எஃகுச் சட்டம். கதவும் பக்கவாட்டு மட்கார்டும் அதன்மேல் பூட்டிய பாலிமர் தகடுகள். கடை வாசலில் தள்ளுவண்டி வந்து இடித்தால் உள்வாங்கி மீண்டும் நிமிர்ந்துவிடும், ஒடுக்கு விழாது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களில் மற்ற வண்டிகளின் கதவடி அரித்துப்போகும். சாட்டர்ன் கதவில் துரு ஏறாது. பானெட், கூரை, டிக்கி மூடி மட்டும் எஃகு. பாலிமர் வெயிலில் விரியும் என்பதால் தகடுகளுக்கிடையே வழக்கத்தை விட அகலமாக இடைவெளி விட்டிருந்தார்கள். அதைப் பார்த்து, பொருத்தத் தெரியாமல் பொருத்திவிட்டார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. குறை அல்ல, கணக்குப் போட்டு விட்ட இடைவெளி அது.

மெய்யான குறைகளும் இருந்தன. 1.9 லிட்டர் இன்ஜின் வேகம் எடுக்கும்போது உறுமும், அந்த அதிர்வு இருக்கை வரை வரும். மைல் ஏற ஏற ஆயில் குடிக்கும். பிஸ்டனின் ஆயில் ரிங்கில் கரி சேர்ந்து அடைத்துக்கொள்வதால் வரும் கோளாறு இது. ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஆயில் அளவுகோலை உருவிப் பார்ப்பது பழைய சாட்டர்ன்காரர்களின் வழக்கம். பார்க்காமல் விட்டவர்கள் இன்ஜினை இழந்தார்கள். அதே சமயம், டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருந்ததால் அறுபதாயிரம் மைலுக்கு ஒருமுறை பெரிய செலவு வைக்கவில்லை. மைலேஜும் நன்றாகக் கொடுத்தது. நடுநிலையோடு சொன்னால் அன்றைய ஹோண்டா சிவிக் இதைவிடச் செம்மையான கார். ஆனாலும் 1992-இல் ஜே.டி. பவர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் திருப்திக் கணிப்பில் லெக்ஸஸ், இன்ஃபினிட்டி என்ற இரு சொகுசு கார்களுக்கு அடுத்து மூன்றாவதாக வந்தது இந்தச் சின்ன சாட்டர்ன்.

அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு 1991-இல் நடந்த ஒன்று போதும். வெளியிலிருந்து வாங்கிய கூலன்ட் கலவை தவறாக இருந்து, அது ஊற்றப்பட்ட 1,836 வண்டிகளின் குளிர்விக்கும் பாகங்கள் அரிக்கும் அபாயம் ஏற்பட்டது. பாகத்தை மாற்றி அனுப்பினாலே சட்டப்படி போதும். சாட்டர்ன் அந்த 1,836 பேருக்கும் வண்டியையே மாற்றித் தந்தது. செய்தி பரவியது. 1994 ஜூனில், ஆலையைப் பார்க்க வாருங்கள் என்று உரிமையாளர்களை அழைத்தபோது ஏறத்தாழ 40,000 பேர் விடுமுறை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, அந்தச் சிற்றூருக்கு வண்டி ஓட்டி வந்தார்கள். தங்கள் காரைச் செய்த கைகளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அந்த ஆண்டு விற்பனை 2,86,000 வண்டிகள். சாட்டர்னின் உச்சம் அதுதான்.

உச்சத்தில் இருந்த நிறுவனத்துக்குத் தீனி போட வேண்டாமா? 1990-களின் தொடக்கத்தில் ஜி.எம். பெரும் நட்டத்தில் இருந்தது. எங்கள் பணத்தை எல்லாம் சாட்டர்ன் தின்றுவிட்டது என்று மற்றப் பிரிவுகள் முணுமுணுத்தன. தேசியச் சங்கத்திலும் 1995-இல் தலைவரான ஸ்டீபன் யோகிச்சுக்கு இந்தத் தனி ஒப்பந்தம் பிடிக்கவில்லை. ஓர் ஆலைக்கு ஒரு விதி என்றால் சங்கம் சிதறிவிடும் என்ற அச்சம் அவருக்கு நியாயமாகவே இருந்திருக்கலாம். மொத்தத்தில் சாட்டர்னுக்காக மேசையில் அடித்துப் பேச ஆள் இல்லை. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அதே எஸ் வரிசை, மேற்சட்டை மட்டும் மாற்றி. 1991-இல் மணமாகாமல் வாங்கியவருக்கு 1997-இல் இரண்டு குழந்தைகள். அவர் அதே டீலரிடம் அதே நம்பிக்கையோடு பெரிய வண்டி கேட்டுப் போனால் காட்ட ஒன்றுமில்லை. அவரை ஹோண்டாவுக்கு அனுப்பிவைத்தது ஜி.எம்.தான். சற்றுப் பெரிய எல் வரிசை 2000 மாடலாகத்தான் வந்தது. அதுவும் ஐரோப்பிய ஓப்பலின் அடித்தளத்தில், டெலவேர் மாநிலத்தின் வேறொரு ஆலையில் செய்யப்பட்டது. எல்லாரும் எஸ்.யு.வி. வாங்கி முடித்த பிறகு 2002 மாடலாக வியூ வந்தது.

விற்பனை சரிய, ஊதியத்தில் இலக்கோடு கட்டிய பங்கும் சரிந்தது. 2003 இறுதியில் ஸ்பிரிங் ஹில் தொழிலாளர்களே பெருவாரியாக வாக்களித்துத் தனி ஒப்பந்தத்தைக் கைவிட்டு, நாடு முழுவதற்குமான பொது ஒப்பந்தத்துக்குத் திரும்பினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2007-இல் அந்த ஆலையில் சாட்டர்ன் செய்வது நின்றது. அதே ஆண்டு ஆரா என்ற மாடல் வட அமெரிக்காவின் சிறந்த கார் விருதைப் பெற்றது. நல்ல வண்டிதான், ஆனால் அதற்குள் சாட்டர்னுக்கென்று தனி ஆலையோ தனி ஒப்பந்தமோ இல்லை. 2009 ஜூனில் ஜி.எம். திவால் மனு கொடுத்தபோது, கார் விற்பனைத் தொழிலதிபர் ரோஜர் பென்ஸ்கேயின் நிறுவனம் சாட்டர்னை வாங்க முன்வந்தது. கார் செய்து தருவதாக இருந்த ரெனோவின் இயக்குநர் குழு மறுத்ததால் செப்டம்பர் 30 அன்று அதுவும் முறிந்தது. அடுத்த ஆண்டு கடைகள் மூடின. மரணச் சான்றிதழில் தேதி 2010. நோய் தொடங்கியது 1994-ஐ ஒட்டி என்பதே என் தீர்ப்பு.

இரண்டாவது சாட்டர்னைப் புரிந்துகொள்ள, எஸ் வரிசைக்குப் பதிலாக 2003 மாடலாக வந்த அயானைப் பார்க்க வேண்டும். வேகமானி ஓட்டுநருக்கு நேரே இல்லாமல் நடுவில் இருந்தது முதல் குறை. உள்வேலைப்பாடு மட்டமாக இருந்தது அடுத்தது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இக்னிஷன் சுவிட்ச். சாவிக்கொத்தின் கனத்திலோ, மேடுபள்ளத்தில் குலுங்கியோ சாவி தானாகத் திரும்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணையும், ஸ்டியரிங் கனக்கும், மோதினால் ஏர்பேக் விரியாது. அயான் விற்பனைக்கு வருவதற்கு முன்பே, 2001-இல், இந்தச் சுவிட்சில் கோளாறு இருப்பது ஜி.எம்.மின் சொந்த ஆவணத்தில் பதிவானது. வண்டிகளைத் திரும்ப அழைத்தது 2014-இல். செவ்ரோலே கோபால்ட் உள்ளிட்ட மற்ற மாடல்களையும் சேர்த்து, இந்தச் சுவிட்சால் 124 பேர் இறந்ததாக ஏற்று இழப்பீடு தரப்பட்டது.

கூலன்டுக்காக 1,836 வண்டிகளையே மாற்றிக்கொடுத்த அதே பெயர் அயானின் முன்பக்கத்திலும் ஒட்டியிருந்தது. அந்தப் பெயரை நம்பி வாங்கியவர்களுக்கு, உள்ளே இருப்பது வேறு நிறுவனம் என்று யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் படிக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகள் ஆயிரம் இரண்டாயிரம் டாலருக்குப் பழைய கார் தேடுவது வழக்கம். கண்ணில் படுவது 1990-களின் சாட்டர்ன் என்றால் ஆயில் அளவைப் பார்த்து வாங்குங்கள், தப்பில்லை. 2003 முதல் 2007 வரையிலான அயான் என்றால், இக்னிஷன் சுவிட்ச் மாற்றப்பட்டதா என்று வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து முதலில் கேளுங்கள். மாற்றவில்லை என்றால், மாற்றும் வரை அந்த ஒரு சாவியோடு வேறெதையும் கோக்காதீர்கள்.