மண்ணும் அமானிதமே: அச்சங்குளத்துக்கு நாம் செலுத்தாத கடன்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. விருதுநகர் மாவட்டம் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்தது. இருபதையொட்டிய உயிர்கள் போயின. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையின் அறைகள் வெவ்வேறு பேருக்கு உள்குத்தகையாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன என்பது பின்னர் வெளிவந்தது. இறந்தோர் குடும்பத்துக்கு மாநில அரசு 3 லட்சமும் பிரதமர் நிவாரண நிதி 2 லட்சமும் அறிவித்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக் குழு அமைத்து, உயிருக்கு 20 லட்சம் இழப்பீடு என்று ஆணையிட்டது.

அன்று நம் பள்ளிவாசல்களிலும் துஆ ஓதப்பட்டது. சிலர் நிதி திரட்டினர். அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. ஆயினும், இந்த ஆண்டுகளில் நாம் பேசியதெல்லாம் இறந்தவர்க்கு என்ன தொகை என்பதைப் பற்றியே. அந்த உடல்கள் விழுந்த மண்ணைப் பற்றி எவரும் பேசவில்லை. அந்த நிலத்தில் என்ன கலந்திருக்கிறது? மழை பெய்தால் அது எந்தக் கிணற்றுக்குப் போகிறது? நாளை அங்கே யார் குடியேறுவார்? இக்கேள்விகளைக் கேட்பது தீனுக்குப் புறம்பான வேலை என்று கருதுவோருக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் தீனிலிருந்தே தொடங்குவோம். பூமி முழுவதும் தம் உம்மத்துக்குத் தொழுமிடமாகவும் தூய்மை செய்யும் பொருளாகவும் ஆக்கப்பட்டது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். தண்ணீர் கிடைக்காதபோது அந்த மண்ணைக் கொண்டே தயம்மும் செய்கிறோம். முகத்திலும் கையிலும் தடவிக்கொள்ளத் தகுந்தது என்று அல்லாஹ் நம்பி ஒப்படைத்த பொருள் மண். அதை, தொட்டாலே தோல் எரியும் நஞ்சாக்கி வைத்துவிட்டு, உளூவின் ஃபர்ளுகளை மட்டும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதில் என்ன பொருள்?

மக்கள் நடக்கும் பாதையிலும், ஒதுங்கும் நிழலிலும், தண்ணீர்த் துறையிலும் மலங்கழிப்பவர் சாபத்துக்கு உரியவர் என்று எச்சரித்த மார்க்கம் இது. மலம் வெயிலில் காய்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும். அதற்கே இந்த எச்சரிக்கை என்றால், தலைமுறை கடந்தும் கரையாத உலோகத்தையும் உப்பையும் நீர்நிலையருகே கொட்டுவோர்க்கு என்ன தீர்ப்பு? ஃபிக்ஹு படித்தோர் இதை மிம்பரில் சொல்ல வேண்டும்.

இனி வேதியியலுக்கு வருவோம். பட்டாசின் பச்சை ஒளிக்குப் பேரியம் நைட்ரேட் பயன்பட்டது. அது நீரில் கரையக்கூடியது. உடலுக்குள் போனால் தசையையும் இதயத் துடிப்பையும் பாதிக்கும். பெர்குளோரேட் உப்புகள் அதைவிட எளிதில் நீரோடு பயணம் செய்பவை. தைராய்டு சுரப்பி அயோடினை உறிஞ்சுவதைத் தடுப்பவை. கருவுற்ற தாய்க்கும் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் இது எத்தகைய கேடு என்பதை மருத்துவர் எவரிடமும் கேட்டறியலாம். உச்சநீதிமன்றம் 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. 2021 அக்டோபரில் அதை மீண்டும் வலியுறுத்தியது. நல்லது. ஆனால் தடை என்பது நாளைய தவற்றைத் தடுப்பது. நேற்று சிந்தியதை அது துடைக்காது.

“ஆலைகள் ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் அல்லவா இருக்கின்றன?” என்று ஒரு வாதம் எழும். ஊருக்கு வெளியே என்பது எத்தனை காலத்துக்கு? திருத்தங்கலைச் சேர்த்துக்கொண்டு சிவகாசி 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது. நேற்று காடாக இருந்த இடத்தில் இன்று மனைக்கல் நடுகிறார்கள். அங்கே முதலில் போய்க் குடியேறுவோர் யார்? நகரின் நடுவே வாடகை கொடுக்க இயலாதவர்கள். எந்த ஆலையில் கூலிக்கு மருந்து செலுத்தினார்களோ, அது மூடப்பட்டபின் அதன் மண்மீதே கூரை போடுகிறவர்கள். உழைத்தபோது காற்றில் வாங்கிய நஞ்சை, ஓய்ந்தபின் தண்ணீரில் வாங்குகிறார்கள்.

அமெரிக்காவின் நயாகரா நகரில் லவ் கால்வாய் என்றோர் இடம் உண்டு. ஹூக்கர் என்னும் வேதிப்பொருள் நிறுவனம் அங்கே ஏறத்தாழ 20,000 டன் கழிவைப் புதைத்து, 1953-இல் அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்திடம் கொடுத்தது. பள்ளி எழுந்தது; சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978-இல் அவசர நிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அந்தத் தாய்மார்களின் போராட்டத்தால்தான் 1980-இல் நஞ்சான நிலத்தைச் சுத்தம் செய்யும் சட்டம் அந்நாட்டில் பிறந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று மதரஸாவுக்கும் மையவாடிக்கும் இடம் பார்க்கும் நம் நிர்வாகிகள் இந்த ஒரு டாலர் கதையை மனத்தில் இருத்த வேண்டும். பத்திரத்தில் வில்லங்கம் பார்க்கிறோம். மண்ணில் வில்லங்கம் பார்த்ததுண்டா?

“இறந்தவர்களில் நம் சமுதாயத்தவர் எத்தனை பேர்?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இதைவிட வெட்கக்கேடான கேள்வி வேறில்லை. அண்டை வீட்டார் உரிமையைப் பேசிய நபி (ஸல்) அவர்கள் அதற்கு மத எல்லை வகுக்கவில்லை. சரி, நம்மவர் கணக்கே வேண்டுமென்றால் போபாலுக்குப் போங்கள். 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு நச்சுவாயுவில் மடிந்த ஏழைக் குடியிருப்புகளில் முஸ்லிம்கள் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்று கேட்டறியுங்கள். அந்த ஆலையில் கிடந்த கழிவில் 337 டன்னை அப்புறப்படுத்தவே 2025 ஜனவரி வரை நாற்பது ஆண்டுகள் ஆயின. அதையும் பீதம்பூருக்குக் கொண்டுபோய்த்தான் எரித்தார்கள். ஆலையைச் சுற்றியுள்ள மண்ணும் நிலத்தடி நீரும் இன்னும் நீதிக்குக் காத்திருக்கின்றன.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். பட்டாசு முதலாளியை நோக்கி விரல் நீட்டுவது நமக்கு எளிது. அவர் நம்மவர் அல்லர். பாலாற்றங்கரைத் தோல் தொழில் யாருடையது? வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் அத்தொழிலால் செழித்த குடும்பங்களில் கணிசமானவை நம் குடும்பங்கள். அந்த வருமானத்தில் கல்லூரிகள் எழுந்தன, பள்ளிவாசல்கள் எழுந்தன, மறுக்கவில்லை. அதே தொழிலின் கழிவுநீரால் நிலமிழந்த விவசாயிகளுக்காகத்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் ஓர் அங்கம் என்று உரைத்தது. தோல் பதனிடக் குரோமிய உப்பு தயாரித்த ராணிப்பேட்டை ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு அதன் வளாகத்திலேயே மலையாகக் கிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. 2015 ஜனவரி 31 அன்று அதே ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, சேற்றில் மூழ்கி 10 தொழிலாளர் இறந்தனர். பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். நம் கையில் சேறு இருக்கும்போது பிறர் முகத்தைத் துடைக்கப் போவது நயவஞ்சகம். முதலில் பாலாறு. அதன்பின் அச்சங்குளத்தைப் பற்றிப் பேச நமக்கு நா எழும்.

“இப்படியெல்லாம் பேசினால் தொழில் அழியும், லட்சக்கணக்கானோர் பட்டினி கிடப்பர்” என்பார்கள். நிலத்தைச் சுத்தம் செய்வதும் தொழில்தான். மண்ணைச் சோதிக்க, தோண்ட, கரையும் பேரியத்தைக் கரையாத சல்பேட்டாக மாற்ற, பெர்குளோரேட்டை உண்ணும் நுண்ணுயிரைக் கொண்டு நீரைத் திருத்த ஆட்கள் வேண்டும். வேலையிழந்த பட்டாசுத் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம். தொழில் அழிவதாகப் புலம்புவோர், ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை மீறியபோது தொழிலைப் பற்றிக் கவலைப்பட்டார்களா?

“எல்லாம் கத்ர்” என்று சொல்வோரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபியின் உம்மத்து, கட்டாத ஒட்டகத்துக்குக் கத்ரைக் காரணம் காட்டலாகாது.

செய்ய வேண்டியது என்ன? 2025 ஜூலையில் ஒன்றிய அரசு மாசடைந்த நிலங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை வெளியிட்டுள்ளது. மாசுபட்டதாக ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். சுத்தம் செய்யும் செலவு மாசுபடுத்தியவருடையது. விதி தானாக நடக்காது. மனு கொடுக்க ஆள் வேண்டும். விருதுநகர், சாத்தூர், சிவகாசி ஜமாஅத்துகள் மூடிக்கிடக்கும் ஆலைகளையும் கழிவு எரித்த குழிகளையும் குறித்து, அந்தந்த ஊர் மக்களோடு சேர்ந்து ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். உள்குத்தகைக்காரர்மேல் பழியைப் போட்டு உரிமதாரர் நழுவ விடலாகாது.

சுத்தம் எந்த அளவுக்கு என்பதிலும் விழிப்பு வேண்டும். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட இந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானி ஆலை மண்ணில், கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்று அளவு வகுத்தார்கள். பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு ஏற்கும் அளவே இங்கும் வேண்டும் என்று போராடியோர் கேட்டனர். கேட்டது நியாயம். ஏழையின் நிலம் என்பதால் அரைகுறைச் சுத்தம் போதும் என்பது அநீதி.

சுத்தமான நிலம் யாருக்குச் சேர வேண்டும் என்பதே கடைசிக் கேள்வி, முக்கியமான கேள்வியும் கூட. மண் தூய்மையானதும் மனை விலை ஏறும். நஞ்சில் வாழ்ந்தவர் வெளியேற, பணம் உள்ளவர் உள்ளே வருவார். அப்படி நடந்தால் நாம் செய்தது ரியல் எஸ்டேட்டுக்கான எடுபிடி வேலையே. இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவர்க்கே அது உரியது என்பது நம் ஃபிக்ஹில் புகழ்பெற்ற சட்டம். வேலி கட்டிவிட்டு மூன்றாண்டு சும்மா போட்டவர்க்கு உரிமை இல்லை என்று உமர் (ரலி) அவர்கள் வகுத்ததாகவும் படித்திருக்கிறோம். உடைமையுள்ள நிலத்துக்கு அச்சட்டம் அப்படியே பொருந்தாது என்பதை அறிவேன். அதன் நோக்கம் பொருந்தும். உழைத்து, நோயுற்று, அந்த மண்ணோடு வாழ்ந்தவர்களுக்கே அதில் வீடும் மருத்துவமனையும் குழந்தைகள் காப்பகமும் முதலில் எழ வேண்டும். குடியிருக்கத் தகாத பகுதியில் சூரிய மின்தகடுகள் நிற்கட்டும். அதன் வருவாய் அவ்வூர்க் குடிநீருக்குப் போகட்டும்.

மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு வக்ஃபு செய்தார்கள் உஸ்மான் (ரலி) அவர்கள். தண்ணீருக்காகச் செல்வத்தைக் கொடுத்த அந்த ஸஹாபியின் பெயரை நம் பிள்ளைகளுக்கு வைக்கிறோம். அச்சங்குளத்திலும் பாலாற்றங்கரையிலும் ஒரு கிணற்றையாவது மீட்டுக் கொடுத்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லி அழைப்போம்.

வரும் ஜும்ஆவுக்குப் பின் உங்கள் மஹல்லா நிர்வாகியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் ஊர் மண்ணைச் சோதித்தாயிற்றா? பதில் இல்லையென்றால், மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். மறுமையில் ஒரு சாண் நிலத்துக்கும் கேள்வி உண்டு.

வஸ்ஸலாம்.