பள்ளிக்கரணைக்கு ஒரே ஒரு எதிர்காலம்தானா?

பிளேஸ்மென்ட் கிடைச்சா நம்மள்ல பாதிப் பேர் ஓஎம்ஆர் பக்கம்தான் போகப் போறோம். பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர். அங்கே ரூம் தேடும்போது வாடகைக்கு அடுத்து நீங்க கேட்க வேண்டிய கேள்வி: "மழை வந்தா தண்ணி நிக்குமா?"

அந்தக் கேள்விக்கான பதில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில்தான் இருக்கு. தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஏரிக்கு ஏரி கலங்கல் தாண்டி இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் கழிமுகத்தில் கடலில் சேரணும். ஒரு காலத்தில் இது ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்த சதுப்பு. 2007-ல் காப்புக்காடா அறிவிச்சது 317 ஹெக்டேர். 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறியது சுமார் 1,247 ஹெக்டேர். மிச்ச இடத்தில் என்ன இருக்குன்னு கேட்டா, ரோடு, குப்பைக் கிடங்கு, ஐடி பார்க், நாளைக்கு நம்ம ஆபீஸ்.

சிவில் நண்பர்களுக்கு இது தெரியும்: வடிகால் டிசைன் பண்ணும்போது பழைய மழைக் கணக்கை எடுத்து, இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை இவ்வளவு பெய்யும்னு ஒரு நம்பர் போடுவோம். நாளைய மழை நேத்து மாதிரியே இருக்கும்ங்கிற நம்பிக்கை அதுல ஒளிஞ்சிருக்கு. 2015, அப்புறம் 2023 மிக்ஜாம். இன்னுமா அந்த நம்பிக்கை?

இங்கேதான் 'ஃபியூச்சர்ஸ் திங்கிங்' உதவும்னு நினைக்கிறேன். அதில் எதிர்காலம் ஒருமை இல்ல, பன்மை. என்ன நடக்கும்னு ஜோசியம் சொல்லாம, என்னவெல்லாம் நடக்கலாம்னு சில கதைகளை எழுதி, ஒவ்வொண்ணுலயும் நம்ம திட்டம் தாங்குமான்னு பார்ப்பது. 1973 எண்ணெய் நெருக்கடிக்கு முன்னாடியே ஷெல் கம்பெனி இப்படி யோசிச்சுப் பார்த்திருந்தது. (சதுப்பு நிலத்துக்கு எண்ணெய் கம்பெனியிடம் பாடம், என்ன பண்றது!)

இதில் எனக்குப் பிடிச்சது பில் ஷார்ப் எழுதிய 'மூன்று தொடுவானங்கள்'. முதலாவது, இப்போ ஓடிட்டு இருக்கிற, ஆனா தேய்ஞ்சுபோன முறை. மூணாவது, நாம விரும்பும் எதிர்காலம். ரெண்டாவது, நடுவில் வரும் புது முயற்சிகள். இந்த நடு ஆளைத்தான் உஷாரா பார்க்கணும். அவன் மூணாவதுக்கு ஏணியும் ஆகலாம், முதலாவதுக்கு முட்டுக்கட்டையும் கொடுக்கலாம்.

பெருங்குடி குப்பைக் கிடங்கையே எடுத்துக்கோங்க. பயோமைனிங் பண்ணி பழைய குப்பையை அகற்றுறாங்க, நல்ல விஷயம். ஆனா மீட்ட நிலம் என்ன ஆகும்? திரும்ப தண்ணி தேங்கும் சதுப்பா விட்டா சிஸ்டமே மாறுது. மேலே நடைபாதை, கான்கிரீட், பார்க்கிங்னு போனா குப்பை மட்டும்தான் மாறுது. மெஷின் ஒண்ணுதான், எதிர்காலம் ரெண்டு.

"ஒர்க்‌ஷாப் வெச்சு சார்ட் பேப்பர்ல ஸ்டிக்கி நோட் ஒட்டினா பில்டர் நிறுத்திடுவாரா?"ன்னு கேப்பீங்க. நிறுத்த மாட்டார். சட்டமும் எல்லைக்கல்லும் இல்லாம எந்தக் கதையும் நிலத்தைக் காப்பாத்தாது. ஆனா சட்டம் எந்த எல்லையைக் காக்கணும்னு முடிவாகும் மேஜையில் வெறும் பழைய மழைக் கணக்கு மட்டும் இருந்தா, எல்லை சின்னதாத்தான் விழும். அந்த மேஜையில் சதுப்பில் மீன் பிடிக்கிறவங்களும், கிடங்கில் குப்பை பொறுக்கிப் பிழைச்சவங்களும், வேளச்சேரியில் வருஷாவருஷம் பைக்கை மேடேத்துறவங்களும் உட்காரணும். தண்ணி எந்தப் பக்கம் திரும்பும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்கும்தான். அடுத்தது 2046 வரைக்கும். அப்போ நமக்கு நாற்பது தாண்டியிருக்கும், ஒருவேளை அங்கேயே இஎம்ஐ கட்டிட்டு இருப்போம். இந்த வருஷம் ஃபைனல் இயர் புராஜெக்ட் தலைப்பு இன்னும் முடிவு பண்ணாத சிவில், ஐடி ஆட்கள் இருந்தா சொல்லுங்க. ஒக்கியம் மடுவுக்கு 2046-க்கான நாலு மழைக்காலங்களை மாடல் பண்ணிப் பார்க்கலாம்.