பனியன் தொழிலிலிருந்து ஓய்வு பெறுவோருக்கு அரசு மருத்துவக் காப்பீடு: வேலையை விடும் முன்பே செய்ய வேண்டியவை

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காடாக உயர்ந்ததையடுத்து, திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர்கள் குறைந்தன. இத்தகைய காலங்களில் முதலில் வீட்டிற்கு அனுப்பப்படுபவர்கள் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்த தொழிலாளர்களே. கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் என எந்தப் பிரிவில் பணியாற்றியிருந்தாலும், வேலையை விட்ட பின் உங்கள் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்பது நீங்கள் எவ்வாறு வெளியேறினீர்கள், கையில் என்ன சான்று உள்ளது என்பவற்றைப் பொறுத்தே அமையும்.

முதலில் ஒரு தெளிவு. வருங்கால வைப்பு நிதி அலுவலகம் வழங்கும் மாத ஓய்வூதியம் மருத்துவக் காப்பீடு அன்று. குறைந்தபட்சம் 1,000 ரூபாயான அந்த ஓய்வூதியத்தைப் பெறுவதால் எந்த மருத்துவமனையிலும் உங்களுக்குத் தனி உரிமை உண்டாவதில்லை. பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, இ.எஸ்.ஐ. தொடர்பான வேலையைக் கவனிக்காமல் விட்டுவிடுகின்றனர்.

ஆண்டுக்கு 120 ரூபாயில் இ.எஸ்.ஐ.

இ.எஸ்.ஐ. மத்திய விதிகளில் 61ஆம் விதி ஓய்வு பெற்றோருக்கானது. குறைந்தது ஐந்து ஆண்டுகள் காப்பீட்டிற்கு உட்பட்ட வேலையில் இருந்து, ஓய்வு வயதை எட்டியோ, விருப்ப ஓய்விலோ, முன்கூட்டிய ஓய்விலோ வெளியேறியவர் மாதம் 10 ரூபாய் வீதம் ஓராண்டுக்கான 120 ரூபாயை முன்பணமாகச் செலுத்தினால், அவருக்கும் அவருடைய கணவர் அல்லது மனைவிக்கும் மருத்துவ வசதி தொடரும். பிள்ளைகளும் பெற்றோரும் இதில் அடங்கமாட்டார்கள். காப்பீட்டாளர் இறந்துவிட்டால் துணைவர் அதே தொகையைச் செலுத்தித் தொடரலாம்.

இதில் பலர் இடறுவது ‘ஓய்வு’ என்ற சொல்லில்தான். கணக்கை முடித்துக்கொண்டு கம்பெனியை விட்டு வெறுமனே நின்றுவிட்டாலோ, ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துவிட்டாலோ, நீங்கள் ஓய்வு பெற்றதற்கான சான்று இல்லாமற்போகும். ஆகவே நிர்வாகம் தரும் கடிதத்தில் நீங்கள் ஓய்வு வயதில் வெளியேறினீர்களா, முன்கூட்டிய ஓய்வில் வெளியேறினீர்களா என்பது உண்மைப்படி தெளிவாக எழுதப்பட்டுள்ளதா என்று படித்துப் பாருங்கள். பணியில் சேர்ந்த நாள், வெளியேறிய நாள், உங்கள் இ.எஸ்.ஐ. எண் ஆகியவையும் அதில் இருக்கட்டும். கம்பெனி மூடப்பட்ட பின் இக்கடிதத்தைப் பெறுவது மிகக் கடினம்.

ஜாப் ஒர்க் யூனிட்டுகளிலும் காண்ட்ராக்டர்களிடமும் மாறி மாறிப் பணியாற்றியோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களுக்கே இ.எஸ்.ஐ. பொருந்தும். பீஸ் ரேட்டில் இருபது ஆண்டுகள் தைத்திருந்தாலும், உங்கள் பெயரில் சந்தா செலுத்தப்பட்ட ஆண்டுகளே கணக்கில் வரும். ஒவ்வொரு கம்பெனியிலும் புதிய எண் பெற்றிருந்தால் அவற்றை ஒன்றிணைக்குமாறு கிளை அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள்.

பதிவு செய்யாத நிறுவனங்கள் பழைய பாக்கியின்றிச் சேர்வதற்காக 2025 ஜூலை 1 அன்று ‘ஸ்ப்ரீ’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அது தொழிலாளர்களுக்கு நன்மையே. ஆயினும் 55 வயதில் முதன்முறையாகப் பதிவானவருக்கு 58இல் மூன்று ஆண்டுகளே நிறைவடைந்திருக்கும். 61ஆம் விதி கேட்கும் ஐந்து ஆண்டுகள் நிறைய அவர் அறுபது வரை வேலையில் நீடிக்க வேண்டும். அதற்கு வாய்ப்பில்லாதவர்கள் கீழே கூறப்படும் முதலமைச்சர் திட்டத்தையே நம்பியிருக்க வேண்டும்.

சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.யிலிருந்து விலக்கப்பட்ட சூப்பர்வைசர்களுக்கும் வழி உண்டு. 2012 ஏப்ரல் 1க்குப் பின் ஐந்து ஆண்டுகளேனும் காப்பீட்டில் இருந்து, 2017 ஏப்ரல் 1 அன்றோ அதன் பின்னரோ 30,000 ரூபாய்க்கு மிகாத சம்பளத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கும் இவ்வசதியை நீட்டிக்க இ.எஸ்.ஐ. கழகம் 2024 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது.

வேலையை விட்ட மறுநாளே சிகிச்சை நின்றுவிடும் என்ற அச்சம் வேண்டாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் 78 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், அதற்குரிய பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கிடைக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சந்தாவுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. இந்த இடைவெளிக்குள் 120 ரூபாய்ப் பதிவை முடித்துவிடுங்கள்.

முதலமைச்சரின் திட்டம்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. கணவனும் மனைவியும் பனியன் கம்பெனிக்குச் சென்ற நாள்களில் வருமானம் இவ்வரம்பைத் தாண்டியிருக்கலாம். அதனால் முன்பு விண்ணப்பம் ஏற்கப்படாமல் போயிருக்கலாம். ஓய்வுக்குப் பின் நிலைமை மாறுகிறது. புதிய வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் பல்லடம் சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்தை அணுகலாம். குடும்ப அட்டை தேனியிலோ திண்டுக்கல்லிலோ இருந்தாலும், காப்பீடு பெற்றபின் திருப்பூரிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெறத் தடையில்லை. கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 1800 425 3993.

இத்திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கே உதவும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்திற்கும் மாதந்தோறும் தேவைப்படும் மாத்திரைகளை இது தராது. அதனால்தான் 120 ரூபாய்ப் பதிவு இத்தனை முக்கியம், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் புறநோயாளியாகவே மருந்து பெறலாம். அது இல்லாதவர்கள் அரசு மருத்துவமனையையோ, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்களையோ நாடலாம்.

எழுபது வயது நிறைந்தோருக்கு வருமான வரம்பின்றி 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு வழங்கும் ‘ஆயுஷ்மான் வய வந்தனா’ அட்டையை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று அறிமுகப்படுத்தியது. வயதை உறுதிசெய்ய ஆதார் போதும், இ.எஸ்.ஐ. பெறுவோரும் இதற்குத் தகுதியுடையவர்களே. திருப்பூரில் பதிவு செய்யும் முறையை மேற்சொன்ன ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்திலேயே கேட்டறியுங்கள். ஆதாரில் பிறந்த ஆண்டு தவறாகப் பதிவாகியிருந்தால் அதை முன்கூட்டியே திருத்திக்கொள்ளுங்கள். கம்பெனி ஆவணத்தில் ஒரு வயதும் ஆதாரில் இன்னொரு வயதும் இருந்தால், ஓய்வுச் சான்று பெறும்போதும் அதே சிக்கல் எழும்.